யூரின் அடைப்பு எடுத்தப்புறம் எங்க பூனையை சாப்பிட வச்ச விதம்

யூரின் வெளியேற போட்டிருந்த கதீட்டர் குழாயை எடுத்து வீட்டுக்கு கூட்டிட்டு வந்தா எங்க கடுவன் கிண்ணத்தை மோந்து பாத்துட்டு திரும்பிப் படுத்துக்கிச்சு, டாக்டர் எழுதிக் குடுத்த யூரினரி டயட்டை (யூரின் பிரச்சனைக்கான தனி சாப்பாடு) தொடவே இல்ல. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு சேர ஆரம்பிச்சுடும், அதனால பட்டினி போட்டு வழிக்கு கொண்டு வர்றதெல்லாம் வேண்டவே வேண்டாம். அதே டயட்ல வெட் ஃபுட் பவுச் வாங்கி, பிரிக்காம சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு வெதுவெதுப்பானதும் ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு கூழாட்டம் கொழச்சு விரல்ல எடுத்து மூக்குகிட்ட காட்டினேன், வாசனை ஏறினதும் நக்க ஆரம்பிச்சுடுச்சு, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. ட்ரை ஃபுட்ல தண்ணி 10 சதவீதம் பக்கம்தான், வெட் ஃபுட்ல 75க்கு மேல, யூரின் நீர்த்துப் போனா அதுல அடைப்பு உண்டாக்குற கிறிஸ்டல் சேர்றது குறையும். கருவாடு, பால் சுத்தமா கட். எங்க பூனைக்கு டெஸ்ட்ல ஸ்ட்ரூவைட்ங்கிற வகை கிறிஸ்டல்னு வந்துச்சு, அது டயட்லயே கரையும், கால்சியம் ஆக்ஸலேட்ங்கிற இன்னொரு வகைன்னா கரையாது, அதனால ரிசல்ட்டை கேட்டு வாங்கிக்கங்க. பூனை ஒண்ணுக்கு போற லிட்டர் தட்டுல ஈரக்கட்டி விழுதான்னு தினமும் பாருங்க, முக்கி முக்கி உக்காந்தும் வரலைன்னா நடுராத்திரியானாலும் உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.