பிக்கப் குரலை மாற்றினால் கெயினும் மாறும்: கிட்டார்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சர்ச் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற பையன்களிடம், டோன் நாப்பை மேலே இழுத்தால் குரல் மாறுகிற கிட்டாரை இப்போது பார்க்க முடிகிறது. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குகிற பிக்கப்பில் இரண்டு காயில் இருந்தால் ஹம்பக்கர், ஒன்று மட்டும் என்றால் சிங்கிள் காயில். தடித்த ஹம்பக்கர் சத்தம் ஒரே இழுப்பில் மெலிந்த சிங்கிள் காயில் சத்தமாகிவிடும். ஒரு கிட்டார் வாங்கினால் இரண்டு கிட்டார் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நாப்பை இழுக்கும்போது ஆம்புக்குள் போகிற சிக்னலின் பலமும் மாறுகிறது என்பதைச் சொல்வதில்லை. பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் தொடராக இணைந்திருக்கும். ஒன்றை அணைத்துவிட்டால் வோல்டேஜ் ஏறக்குறைய பாதியாகும், அதாவது சுமார் 6 டெசிபல் குறையும். கரகரப்பில்லாத கிளீன் சேனலில் இது சத்தம் குறைவதாகவே காதில் விழும். வேண்டுமென்றே கரகரக்க விடுகிற டிஸ்டார்ஷனில் கதை வேறு. கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்குகிற அளவு, ஏற்றிய ஆம்ப் ஏற்கெனவே சிக்னலின் உச்சியை வெட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வருவது பாதியானாலும் வெட்டத்தான் செய்யும். அதனால் சத்தம் பெரிதாகக் குறையாது, கரகரப்புதான் குறையும். கெயினை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டு குரலையும் ஒப்பிட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று பிக்கப்பைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

இதைவிடப் பெரிய தவறு மேடையில் நடக்கும். கடலோர ஊர் ஒன்றின் திருவிழாக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். மெதுவான பாட்டு வருகிறது, பையன் நாப்பை இழுத்து சிங்கிள் காயிலுக்குப் போகிறான். "மக்கா, கிட்டார் கேக்கல்ல" என்று கீபோர்டுகாரர் சைகை காட்டுகிறார். அவன் குனிந்து கெயினை 3-இலிருந்து 6-க்குத் திருப்புகிறான். சத்தம் வந்துவிட்டது, சரி. அடுத்த பாட்டு வேகமானது. நாப்பை அழுத்துகிறான், ஹம்பக்கர் முழு பலத்தோடு அந்த 6-இல் போய் இறங்குகிறது. முதல் கார்டு குழைந்து சேறாகிறது, கையை எடுத்ததும் கிட்டார் ஊளையிடுகிறது. மைக் செட்காரர் ஓடி வந்து ஃபேடரை இறக்குகிறார். அதோடு அன்றைக்குக் கிட்டார் யாருக்கும் கேட்காது.

சத்தம் போதவில்லை என்றால் கெயினுக்குப் பின்னால் ஏற்றுங்கள்: மாஸ்டர் வால்யூம், எஃபெக்ட்ஸ் லூப்பில் (கெயினுக்குப் பிறகு பெடலை இணைக்கிற வழி) வைத்த பூஸ்ட் பெடல், அல்லது பிராசசரில் அந்தக் குரலுக்கென்று தனி பிரீசெட். அதே பூஸ்ட் பெடலை ஆம்புக்கு முன்னால் வைத்தால், டிஸ்டார்ஷனில் அதுவும் கெயின் ஏற்றுவது போலத்தான். கெயினை முதலில் பலமான குரலில் வைத்து, உங்களுக்கு வேண்டிய கரகரப்பு வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் நாப்பை இழுத்துப் பாருங்கள். மெலிந்த குரலில் கரகரப்பு லேசாக ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு சரி. என்னைக் கேட்டால் இந்த வசதியின் உண்மையான பயன் நடுத்தரக் கெயினில்தான் இருக்கிறது. பெடலை மிதிக்காமலே பல்லவிக்கு ஒரு நிறம், சரணத்துக்கு ஒரு நிறம் கிடைக்கும்.

அடுத்தது இரைச்சல். ஹம்பக்கரின் இரண்டு காயில்களும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடிக்கிற மாதிரி எதிரெதிராக அமைந்தவை. ஒன்றை அணைத்தால் அந்தக் காவல் போய்விடும். நம்முடைய 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஹம் உள்ளே நுழையும், கெயின் அதையும் சேர்த்தே பெருக்கும். கிறிஸ்மஸ் சீசனில் மேடையைச் சுற்றி சீரியல் லைட், பக்கத்தில் பழைய சோக் ட்யூப் லைட் என்றால் கேட்கவே வேண்டாம். உடனே, சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சிக்னலை அடைக்கிற நாய்ஸ் கேட்டை ஏற்றுவார்கள். அது இரைச்சலோடு நீட்டி வாசித்த நோட்டின் வாலையும் நறுக்கிவிடும். இன்னும் சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. கம்பியில் கையும் மைக்கில் உதடும் இருக்கும்போது ஷாக் அடித்தால் உயிர் போகலாம். வயரிங் தெரிந்தவர் கிடைத்தால், காயிலை அணைப்பதற்குப் பதிலாக இரண்டையும் பேரலலாக இணைக்கச் சொல்லுங்கள். சத்தம் குறையும், குரலும் மெலியும், ஆனால் ஹம்மை அடிக்கிற வேலை தொடரும்.

ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் மாதிரியான ஆக்டிவ் பிக்கப்புகள் வேறு ஜாதி. சுற்றிய கம்பிக்குப் பதில் அடுக்கடுக்காக அச்சிட்ட காயில்கள், உள்ளேயே பிரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி. குரலை மாற்றுவதும் அந்தச் சர்க்யூட்தான், அதனால் மேலே சொன்ன இரைச்சல் தொல்லை இதில் கிடையாது. ஆனால் பேட்டரி இல்லாத பழைய பாசிவ் கிட்டாருக்கு வைத்த கெயினை அப்படியே விட்டுவிட்டு இதைச் சொருகினால், கிளீன் சேனலே கரகரக்கலாம். ஆம்பில் லோ இன்புட் இருந்தால் அதில் சொருகிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்துவருகிறபோதும் இதே மாதிரி அசிங்கமான கரகரப்பு வரும். ஆம்பைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பார்ப்பது நல்லது. வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள், சொருகியிருக்கிற வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பிக்கப் மாற்றும்போது நாப்புக்கு அடியில் இருக்கிற பழைய 500கே (கிலோ ஓம்) பாட், அதாவது பொட்டென்ஷியோமீட்டரை, அப்படியே விடுவதும் தவறு. ஆக்டிவுக்குப் பொதுவாக 25கே பாட் போடுவார்கள். இல்லையென்றால் வால்யூம் நாப் சீராக ஏறி இறங்காமல் சுவிட்ச் மாதிரி நடந்துகொள்ளும்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில், இழுத்து அழுத்துகிற புஷ்-புல் நாப்பின் பாட் உள்ளே இருக்கிற தொடுமுனைகள் களிம்பு பிடிக்கும். கிளீனில் காதில் விழாத சின்ன உரசல், கெயினில் பட்டாசு மாதிரி வெடிக்கும். பிக்கப் போய்விட்டது என்று புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் உள்ளே அடித்து, நாப்பைப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து அழுத்திப் பாருங்கள். அப்படியும் வெடித்தால் அந்த பாட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.