பேக்கப்பும் அசலும் ஒன்றுதானா? பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்

லேப்டாப்பில் இருக்கும் குடும்பப் படங்கள் எல்லாம் பேக்கப் டிஸ்கிலும் அப்படியே இருக்கிறதா என்று போன மாதம் பார்க்க வேண்டியிருந்தது. 11,000 கோப்புகளுக்கு மேல், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக. அப்பா எடுத்த படங்களும் அதில்தான், ஒன்று போனாலும் திரும்ப வராது.

சில நூறு கோப்புகள்தான் என்றால் இரண்டு ஃபோல்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் மெல்டு என்ற மென்பொருள் போதும், கண்ணால் பார்க்க அதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை. லினக்ஸின் டிஃப் என்ற ஒப்பிடும் கட்டளையை மைனஸ் ஆர்க்யூ (-rq) போட்டு ஓட்டினாலும் வேலை நடக்கும், ஆனால் கீழே 2-ம் படியில் வரும் சிக்கலை அதை வைத்துத் தீர்க்க முடியாது.

படி 1: பைத்தானின் பாத்லிப் மாட்யூலில் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் வரை தேடும் ஆர்குளோப்பை (rglob) வைத்து இரண்டு ஃபோல்டரிலும் உள்ள கோப்புகளைத் திரட்டுங்கள். மேல் ஃபோல்டரின் பாதையை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எதுவும் எதோடும் பொருந்தாது. இரண்டையும் பைத்தானின் செட்டாக்கி (set) ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இங்கே மட்டும் இருப்பவை, அங்கே மட்டும் இருப்பவை என்று பிரிந்துவிடும்.

படி 2: இங்கேதான் ஒரு முழு ராத்திரி போனது. இங்கே மட்டும் 37 கோப்புகள், அங்கே மட்டும் 37 கோப்புகள், இரண்டு பட்டியலிலும் அதே பெயர்கள்! 'பொங்கல் கோலம்' இரண்டிலும் இருக்கிறது, ஆனால் 'மீனாட்சி திருமணம்' சிக்கலே இல்லாமல் பொருந்திவிட்டது. ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணைக் காட்டும் ஆஸ்கி ஃபங்ஷனில் பெயரைக் கொடுத்து அச்சிட்டபோதுதான் புரிந்தது. யூனிகோடில் 'பொ' என்பதை ப-வோடு ஒற்றைக் குறியாக ொ சேர்த்தும் எழுதலாம், ப-வுக்குப் பின்னால் ெ, ா என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைத்தானுக்கு வேறு வேறு. ோ, ௌ இரண்டுக்கும் இதே கதை. என் பேக்கப் ஒரு பழைய மேக் வழியாக வந்தது, அதிலிருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும்.

தீர்வு: யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவம்) என்று கொடுத்து இரண்டு பக்கப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் அந்தப் புதுப் பெயரை வைத்துக் கோப்பைத் திறக்கப் போகாதீர்கள், டிஸ்கில் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். செட்டுக்குப் பதில் ஒரு டிக்ஷனரி எடுத்து, என்எஃப்சி பெயரைச் சாவியாகவும் அசல் பாதையை மதிப்பாகவும் வையுங்கள். கழித்தலைச் சாவிகளில் செய்யுங்கள், திறப்பதற்கு மதிப்பை எடுங்கள்.

படி 3: இரண்டிலும் இருப்பவற்றின் உள்ளடக்கம். முதலில் சைஸ், அது மாறினால் திறக்கவே வேண்டாம். சைஸ் ஒன்றாக இருந்தால் இரண்டையும் 1 எம்பி துண்டுகளாகப் படித்து ஒப்பிடுங்கள், முதல் வித்தியாசத்திலேயே நின்றுவிடலாம். ஷா-256 ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எல்லாம் இரண்டு ஃபோல்டரும் வேறு வேறு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் எனக்குத் தேவைப்படும்.

பைத்தானோடு வரும் ஃபைல்சிஎம்பி மாட்யூலில் இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிடும் டிர்சிஎம்பி இருக்கிறதே என்று கேட்கலாம். சைஸும் மாற்றிய நேரமும் ஒன்றாக இருந்தால் அது கோப்பைத் திறக்காமலே 'ஒன்றுதான்' என்று சொல்லிவிடும். பைத்தான் 3.13 பதிப்பில்தான் ஷாலோ (இப்படி மேலோட்டமாகப் பார்ப்பது) என்பதை ஃபால்ஸ் ஆக்கும் வசதி டிர்சிஎம்பிக்கு வந்தது. என் டிஸ்கில் ஒரு படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகக் கெட்டிருந்தது, சைஸும் தேதியும் துளி மாறவில்லை. பைட் பைட்டாகப் பார்த்ததால்தான் அகப்பட்டது, லேப்டாப்பில் நல்ல பிரதி இருந்தது, மாற்றி வைத்துவிட்டேன்.

பின்சேர்க்கை: வேகத்துக்காகத் தேதியை மட்டும் ஒப்பிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார், அவருடையது எஃப்ஏடி32 பென் டிரைவ். அது மாற்றிய நேரத்தை 2 வினாடிக் கணக்கில்தான் வைக்கும், அதனால் மாறாத கோப்பும் மாறியதாகத் தெரியும். தேதிதான் வேண்டும் என்றால் 2 வினாடி வரை வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், ஃபோல்டர்களில் தானாக வரும் கோப்புகளான மேக் போட்டு வைக்கும் டிஎஸ் ஸ்டோர் (.DS_Store), விண்டோஸின் தம்ப்ஸ் டிபி (Thumbs.db) இரண்டையும் படி 1-லேயே ஒதுக்கிவிடுங்கள்.