கனடா வீட்டு மட்ரூம்: பனிக்காலம் முதல் கோடை வரை சுத்தமாக வைத்திருப்பது எப்படி?

ஒன்டாரியோவில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டால் வேலை முடிந்தது. இங்கே நவம்பர் வந்துவிட்டால் பூட்ஸ், கோட், தொப்பி, கிளவுஸ், குழந்தைகளின் ஸ்னோ பேன்ட் என்று அத்தனையையும் ஒரே இடத்தில் கழற்ற வேண்டும். அதுவும் சொட்டச் சொட்ட ஈரத்தோடு. அதற்கென்று இருக்கும் இடம்தான் மட்ரூம். பல வீடுகளில் கராஜிலிருந்து உள்ளே நுழையும் சின்ன அறை அது. வாஷிங் மெஷினும் அங்கேயே இருக்கும். தனி அறை இல்லை என்றாலும் கவலை வேண்டாம், வாசல் கதவை ஒட்டி நான்கைந்து அடி இடம் கிடைத்தாலே போதும்.

அழகான அலமாரியும் கூடையும் வாங்கக் கிளம்பும் முன் ஒன்றை யோசியுங்கள். இந்த இடத்தில் முதல் தொல்லை ஈரம். பொருட்கள் இறைந்து கிடப்பது அடுத்த தொல்லைதான். தண்ணீர் எங்கே சொட்டும், எங்கே தேங்கும், எப்படிக் காயும் என்று முடிவு செய்துவிட்டால் மற்றது தானாக ஒழுங்குக்கு வரும்.

படி 1: முழுவதும் காலி செய்யுங்கள்

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை இதற்கு ஒதுக்குங்கள். அறையில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: இந்தப் பருவத்துக்கு வேண்டியது, வேறு பருவத்துக்கு உரியது, யாருக்கும் சேராதது. மூன்றாவது குவியலில் குழந்தைகளுக்குச் சின்னதாகிப்போன பூட்ஸும் கோட்டும் நிறைய இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் உடனே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், குளிருக்கு முன்னால்தான் அவை பயன்படும்.

என் கணக்கு இதுதான்: ஒருவருக்கு இரண்டு ஜோடி காலணி, இரண்டு கோட். அதற்கு மேல் மட்ரூமில் இடம் கிடையாது. மற்றதெல்லாம் படுக்கையறை அலமாரிக்கோ பேஸ்மென்ட்டுக்கோ போகட்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் இதுவே எட்டு கோட், பதினாறு தனிக் காலணி!

படி 2: தரையைத் தயார் செய்யுங்கள்

கால்மிதி இரண்டு வேண்டும். கதவுக்கு வெளியே சொரசொரப்பான ரப்பர் மிதி ஒன்று. பனியையும் கல்லையும் தட்டிவிட அது. உள்ளே, தண்ணீரை உறிஞ்சும் துணி மிதி ஒன்று. அதன் அடிப்பக்கம் ரப்பராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். உள்ளே போடுவது நீளமாக இருக்கட்டும். இரண்டு மூன்று அடி எடுத்துவைத்தால்தான் அடிப்பாகத்தில் ஒட்டியது இறங்கும். வாங்குவதற்கு முன் கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், தடித்த மிதியில் கதவு இடிக்கும்.

அடுத்து பூட்ஸ் டிரே. விளிம்பு ஓர் அங்குலமாவது உயர்ந்த பிளாஸ்டிக் டிரே போதும். அதில் கூழாங்கற்களைப் பரப்புங்கள். அல்லது கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டு ஒன்றை உள்ளே வையுங்கள். பனி உருகிய தண்ணீர் கீழே இறங்கிவிடும், பூட்ஸ் அதற்கு மேலே நிற்கும். டிரேயில் நேராக வைத்தால் பூட்ஸின் அடிப்பாகம் இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறும்.

படி 3: கொக்கிகளைப் பலமாக அடியுங்கள்

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. நம் ஊர்ச் சுவர் செங்கல், எங்கே அடித்தாலும் ஆணி நிற்கும். இங்கே உள்சுவர் பெரும்பாலும் டிரைவால், அதாவது ஜிப்சம் பலகை. அதன் பின்னால் மரச் சட்டங்கள் நிற்கும். ஸ்டட் என்பார்கள். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குப் பொதுவாக 16 அங்குலம், சுமார் 40 செ.மீ. வெறும் டிரைவாலில் திருகிய கொக்கியில் நனைந்த குளிர்காலக் கோட்டும் பள்ளிப் பையும் தொங்கினால் சுவரின் துண்டோடு பெயர்ந்து வரும்.

சின்னக் காந்தம் ஒன்றைச் சுவரில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். டிரைவாலை ஸ்டட்டில் பிடித்திருக்கும் திருகின் மேல் அது ஒட்டும். அங்கே பென்சிலால் குறியிடுங்கள். ஐந்தாறு அங்குல அகலமுள்ள ஒரு பலகையை இரண்டு மூன்று ஸ்டட்டுகளுக்குக் குறுக்கே வைத்து நீளத் திருகுகளால் முடுக்குங்கள். கொக்கிகளை அந்தப் பலகையில் மாட்டினால் எங்கே வேண்டுமானாலும் இடம் கிடைக்கும். குளிர்காலக் கோட் தடிமனானது, அதனால் கொக்கிகளுக்கு நடுவே எட்டு அங்குலமாவது விடுங்கள். ஒட்டி ஒட்டித் தொங்கும் கோட் காயாது.

பெரியவர்களுக்கு ஐந்து, ஐந்தரை அடி உயரம் சரி. குழந்தைகளுக்கு மூன்று, மூன்றரை அடியில் தனிப் பலகை ஒன்று. கை எட்டாத கொக்கியில் மாட்டச் சொல்லிக் குழந்தையைத் திட்டிப் பயனில்லை. வாடகை வீடு என்றால் சுவரைத் துளைக்கும் முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள், அல்லது தரையில் நிற்கும் கோட் ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து பூட்ஸ் மாட்ட 17, 18 அங்குல உயரத்தில் ஒரு பெஞ்ச் இருந்தால் வசதி. முழங்கால் வலியுள்ள பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால் அது அவசியம்.

படி 4: ஆளுக்கொரு கூடை

தொப்பி, கிளவுஸ், ஸ்கார்ஃப் மூன்றுக்கும் ஆளுக்கொரு கூடை, மேலே பெயர். கம்பிக் கூடையோ துணிக் கூடையோ நல்லது. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், ஈரக் கிளவுஸ் அதற்குள் இரண்டே நாளில் நாறிவிடும். கூடைக்குள் காய்ந்தது மட்டுமே போக வேண்டும். ஈரமானதற்கு ஒரு கயிறு கட்டித் துணிக் கிளிப்புகள் மாட்டுங்கள். விரல் நுனியைக் கிளிப்பில் பிடித்து, வாய்ப்பக்கம் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டால் உள்ளே காற்று ஏறிச் சீக்கிரம் காயும்.

பள்ளி செல்லும் சின்னக் குழந்தைகள் இடைவேளையில் பனியிலும் வெளியே போய் விளையாடுவார்கள். உடுத்தும் வரிசை முக்கியம்: முதலில் ஸ்னோ பேன்ட், அப்புறம் பூட்ஸ், அப்புறம் கோட், தொப்பி, கடைசியில் கிளவுஸ். கிளவுஸை முதலில் மாட்டிவிட்டால் ஜிப் போட முடியாது. அந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாகப் பொருட்களை வைத்துப் பாருங்கள், காலை நேரக் கூச்சல் பாதியாகக் குறையும்.

படி 5: டிசம்பர் முதல் மார்ச் வரை, உப்போடு போராட்டம்

சாலையிலும் நடைபாதையிலும் உப்பு தூவுவார்கள். தண்ணீர் உறையும் வெப்பநிலையை உப்பு குறைப்பதால் பனிக்கட்டி உருகும். சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பின் வேலை மந்தமாகிவிடும், அப்போது பல இடங்களில் மணலும் சிறு கல்லும் தூவுவார்கள். ஆக, பூட்ஸோடு உப்பும் வரும், கல்லும் வரும். உப்பு வெள்ளைக் கறையாகப் படியும், கல் மரத்தரையைக் கீறும்.

அதனால் முதலில் மாப்பைத் தொடாதீர்கள். தரை காய்ந்ததும் வாக்யூமால் கல்லையும் மணலையும் எடுங்கள். அப்புறம் நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் கலந்து, நன்றாகப் பிழிந்த மாப்பால் துடையுங்கள். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். அதே தண்ணீரில் தொடர்ந்தால் உப்பை அறை முழுக்கப் பூசுவதுதான் மிச்சம். மரத்தரையில் தண்ணீர் நிற்கவே கூடாது. மார்பிள் போன்ற கல் தரைக்கு வினிகர் ஆகாது, அமிலம் மெருகை அரித்துவிடும், கல்லுக்கென்று விற்கும் கிளீனரை வாங்குங்கள். இன்னொன்று: வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயுவான குளோரின் வரும்.

தோல் பூட்ஸில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் தோலுக்கான கண்டிஷனர் கொஞ்சம் தடவலாம்.

பூட்ஸ் காய்வதற்கு ஒரு முறை உண்டு. உள்சோலையும் (பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை), லைனரையும் (கழற்றக்கூடிய உள்ளுறை) தனியே எடுத்து வையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். சில மணி நேரத்தில் தாள் ஊறியிருக்கும், மாற்றுங்கள். சூடான காற்று வரும் வென்ட்டின் மேல் வைக்க ஆசை வரும், வேண்டாம். தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும்.

அறைக் கதவை மூடி வைக்காமல் கொஞ்சம் திறந்தே விடுங்கள். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். சின்ன மின்விசிறி ஒன்று போதும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றால் அறையில் ஈரப்பதம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

நாய் வளர்ப்பவர்கள் கதவருகே அதற்கென ஒரு துண்டு மாட்டிவையுங்கள். உப்பு அதன் பாதத்தை எரிக்கும், நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. நடந்து வந்ததும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் நான்கு கால்களையும் துடைத்துவிடுங்கள்.

தினமும் இரவு ஐந்து நிமிடம்: டிரே தண்ணீரைக் கொட்டுவது, உள்சோலை எடுப்பது, கிளவுஸைக் கிளிப்பில் மாட்டுவது. சனிக்கிழமை கால்மிதியை வெளியே உதறித் தரையைத் துடைப்பது. குளிர்காலம் முழுக்க இவ்வளவுதான்.

படி 6: மார்ச் முதல் மே வரை, சேறு

பனி உருகும் இந்தக் காலத்துக்குத்தான் மட்ரூம் என்ற பெயரே பொருந்தும். ஈரச் சேற்றை உடனே தேய்த்தால் பரவும். காயவிட்டு, வெளியே கொண்டுபோய் பிரஷ்ஷால் தட்டினால் பொலபொலவென்று உதிரும்.

ஏப்ரலில் ஒரு நாள் வெயில் அடித்ததும் எல்லாக் கோட்டையும் மூட்டை கட்டிவிடாதீர்கள், மறுபடி பனி கொட்டுவது சகஜம். ஆளுக்கொரு கோட் மே மாதம் நடுப்பகுதி வரை கொக்கியிலேயே இருக்கட்டும்.

துவைத்த பிறகே எடுத்துவையுங்கள். டவுன் ஜாக்கெட்டை, அதாவது பறவை இறகு அடைத்த கோட்டை, முன்பக்கக் கதவுள்ள மெஷினில், மென்மையான சுழற்சியில், குறைந்த சோப்பில் துவையுங்கள், இன்னொரு முறை அலசுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம். டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்துகளோடு போட்டால், கட்டி தட்டிய இறகு பிரிந்து புசுபுசுவென்று ஆகும். கையால் அழுத்திப் பாருங்கள், எங்காவது கட்டி தட்டுப்பட்டால் இன்னும் காயவில்லை. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள கம்பளித் துணியைத்தான் அந்துப்பூச்சியின் புழு தேடி வரும். பேஸ்மென்ட்டில் வைப்பதென்றால் தரையில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். அலமாரித் தட்டில் வையுங்கள்.

படி 7: கோடை

எளிதான காலம். டிரே போதும், பெரிய மிதி வேண்டாம். தொப்பி, சன்ஸ்கிரீன், நீச்சல் துண்டு கூடைகளுக்கு வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: தெற்கு ஒன்டாரியோவில் உயரமான புல்லிலும் காட்டுப் பாதையிலும் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உண்டு. நடந்துவிட்டு வந்தால் உடுப்பை மட்ரூமிலேயே கழற்றி, துவைப்பதற்கு முன் டிரையரில் அதிகச் சூட்டில் குறைந்தது 10 நிமிடம் ஓட்டுங்கள். உலர்ந்த சூடுதான் உண்ணியைக் கொல்லும். குழந்தைகளின் காது மடல், முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்க, ஆடும் கொக்கியை முடுக்க இதுதான் நேரம். ஆகஸ்ட் கடைசியில் குழந்தைகளின் பூட்ஸை எடுத்து, தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இல்லையென்றால் புதியது வாங்குங்கள். முதல் பனி கொட்டிய பிறகு கடைக்குப் போனால் உங்களுக்கு வேண்டிய அளவு கிடைப்பது கஷ்டம்.