தாது வருஷப் பஞ்சத்தைக் கன்னிமாராவில் தேடுவது எப்படி?

சென்னை எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைப் பெறும் உரிமையுள்ள நான்கு நூலகங்களுள் ஒன்று. அத்தனை நூல்களுக்கிடையே ஆய்வுக்கு வேண்டியதைக் கண்டெடுக்க, வீட்டிலிருந்து புறப்படுமுன்பே ஒரு வேலை இருக்கிறது. தேடும் பொருளுக்கு வழங்கிய பெயர்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாது வருஷப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ் மக்களின் நினைவில் இப்பெயரால் நிலைத்த அந்தப் பெருந்துயரம், ஆங்கில நூல்களில் 1876-78 சென்னை மாகாணப் பஞ்சம் என்றே பதிவாகியிருக்கிறது. ஆகவே நூற்பட்டியலில் 'தாது' என்று மட்டும் தேடுபவருக்கு, பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட விரிவான பதிவு கண்ணிலேயே படாது. ஊர்ப்பெயர்களும் அப்படியே. தஞ்சாவூரை 'டேஞ்சூர்' (Tanjore) என்றும் திருநெல்வேலியை 'டின்னவெலி' (Tinnevelly) என்றும் அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். முகப்பில் 'தாது வருஷம் தை மாதம்' என்று மட்டும் அச்சிட்ட நூல் கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை: தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் அது 1876 அல்ல, 1877; அறுபதாண்டுச் சுழற்சியால் 1937ஆகவும் இருக்கக்கூடும். அச்சகத்தின் பெயரையும் விலையையும் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

ஒரே பொருள் ஒரே அலமாரியில் இருக்குமென்று எண்ண வேண்டாம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் தமிழக வரலாறு 954.82இலும், உணவுப் பற்றாக்குறை 363.8இலும், பஞ்சத்தைப் பாடிய கும்மிகளும் சிந்துகளும் தமிழ்க் கவிதைக்குரிய 894.8111இலும் அமையும். அந்தப் பாடல்களை விட்டுவிட்டு அறிக்கைகளை மட்டும் படிப்பவர், பசித்தவர்களின் குரலைக் கேளாமலே பஞ்சத்தை எழுதிவிடுவார்.

நூலகரிடம் "பஞ்சம் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்பதைவிட, "1880க்கு முன் அச்சான சேலம் மாவட்டப் பஞ்ச அறிக்கைகள் வேண்டும்" என்று கேளுங்கள். பழைய நூல்களின் தாள் நொறுங்கக்கூடியது. ஒளிநகல் எடுக்க வற்புறுத்தாமல், படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்பதே முறை.

ஒரு நல்ல நூல் கைக்கு வந்தபின் அதன் அடிக்குறிப்புகளைத் தொடருங்கள். பட்டியலைவிட அவை சிறந்த வழிகாட்டிகள் என்பது என் துணிபு. அவற்றில் அரசாணை எண்ணும் தேதியும் துறையும் வந்தால் மூன்றையும் பிழையின்றிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூல ஆணையைத் தேட வேண்டிய இடம், அதே எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.