கேசினோ ஓசி: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

போன தேங்ஸ்கிவிங் லீவுக்கு எங்களோடு லாஸ் வேகஸ் வந்த ஐந்து பையன்களும், கேசினோ ஓசியாகத் தரும் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் ஆசைப்பட்டுப் பத்து வருடத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடித்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இது. நம் ஆட்டத்தைக் கணக்கில் ஏற்றும் கேசினோ கார்டு வாங்காமல் ஆடுவது, குடித்துவிட்டு ஆடுவது, ராத்திரி இரண்டு மணிக்கு ஏடிஎம் வாசலில் நிற்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் செய்கிறார்கள்.

தோற்ற பணத்துக்கு ஓசி கிடைக்கும் என்று நம்புவது

ஒருத்தன் பிளாக்ஜாக்கில் இரண்டு மணி நேரத்தில் 600 டாலர் விட்டுவிட்டு வந்து, "அண்ணா, இவ்வளவு தோத்திருக்கேன், ரூம் ஃப்ரீயா தர மாட்டாங்களா?" என்றான். தர மாட்டார்கள். நீங்கள் எவ்வளவு தோற்றீர்கள் என்பதை அவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை, கணக்குப்படி எவ்வளவு தோற்றிருக்க வேண்டும் என்பதைத்தான் பார்க்கிறார்கள். இதற்கு 'தியோ' என்று பெயர். ஒரு கைக்கு 25 டாலர், மணிக்கு 70 கை, இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 3,500 டாலர் பந்தயம். அதில் கேசினோவின் பங்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் தியோ 35 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தாலும் 12 டாலர்தான் வரும். பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் அந்த ஸ்ட்ரிப் சாலையில் அதற்கு ஒழுங்காக ஒரு பர்கர்கூட வராது. ஜெயித்திருந்தாலும் அதே 12 டாலர்தான், அது ஒரு ஆறுதல்.

கார்டை அப்புறம் கொடுக்கலாம் என்று இருப்பது

பணத்தை மேஜையில் வைக்கும்போதே கார்டையும் வையுங்கள். மேஜைகளை மேற்பார்க்கும் பிட் பாஸ் எழுதத் தொடங்கிய பிறகுதான் நீங்கள் ஆடுவதாகவே கணக்கு.

"இன்னும் கொஞ்சம் ஆடினால் அடுத்த லெவல்"

இதை எழுதும்போது இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அது ஒரு டிசம்பர் 28. எந்தக் கேசினோ என்று கேட்காதீர்கள். அவர்கள் கார்டில் அடுத்த லெவலுக்கு எனக்கு 2,000 பாயிண்ட் பாக்கி இருந்தது. ஜனவரி 1 பிறந்தால் லெவல் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பம். வருடம் முழுக்கச் சேர்த்ததெல்லாம் வீணாகிவிடுமே என்று எனக்குள் ஒரு பதற்றம். இங்கேதான் மாட்டினேன். ஆடி முடித்த ஆட்டத்தின் பணம் எப்போதோ போய்விட்டது. லெவல் வந்தாலும் வராவிட்டாலும் அது திரும்பாது. ஆனால் பாக்கி 2,000 என்று மெஷினில் எண் மின்னும்போது மூளை அப்படியா யோசிக்கிறது?

ஸ்லாட் மெஷினில் 5 டாலர் போட்டால் ஒரு பாயிண்ட். ஆக 2,000 பாயிண்டுக்கு 10,000 டாலர் பந்தயம். கையில் அவ்வளவு தேவையில்லை, அதே பணம்தான் உள்ளே போய் வெளியே வந்து சுற்றும். சட்டையில் மாட்டிய சுருள் கயிற்றின் மறுமுனையில் கார்டு, கார்டு மெஷினுக்குள். மாடு கட்டுத்தறியில் நிற்பது போல நானும் நின்றேன். சுற்றுக்கு 2 டாலர், மொத்தம் 5,000 சுற்று, இரண்டு ராத்திரியில் எட்டரை மணி நேரம். கடைசியில் படம்கூடப் பார்க்கவில்லை, கார்டு சொருகும் இடத்தில் பாயிண்ட் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன்.

நெவாடா கேமிங் கண்ட்ரோல் போர்டு மாதாமாதம் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், ஸ்ட்ரிப்பில் பென்னி ஸ்லாட்டில், அதாவது ஒரு சென்ட் கணக்கில் ஓடும் மெஷினில், போடும் ஒவ்வொரு நூறு டாலரிலும் பத்துக்கு மேல் கேசினோவிடமே நின்றுவிடுகிறது. அப்படியானால் எனக்குக் குறைந்தது 1,000 டாலர் போக வேண்டும். போனது 1,340.

வந்தது என்ன? 100 டாலருக்கு ஒரு டின்னர். அடுத்த வருடம் நான்கு ராத்திரிக்கு ரிசார்ட் ஃபீஸ் (ரூம் வாடகைக்கு மேல் தினமும் பிடுங்கும் கட்டணம்) இல்லை, அதில் ஒரு 120. நூறு பாயிண்டுக்கு ஒரு டாலர் வீதம், அந்த 2,000 பாயிண்டுக்குச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ள 20 டாலர். செக்-இன்னில் தனி வரிசை. அந்த டின்னரில் என் மனைவி மெனுவைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதை நாமே காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்கலாமே" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

இந்த ஆசை தானாக வந்ததும் இல்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்த கேரி லவ்மேன் 1998இல் ஹாராஸ் கேசினோ நிறுவனத்துக்குப் போய், யார் எதற்கு மயங்கித் திரும்ப வருவார்கள் என்று வாடிக்கையாளர் டேட்டாவை வைத்தே டோட்டல் ரிவார்ட்ஸ் கார்டை வளர்த்தெடுத்தார். 2019இல் அதற்குத்தான் சீசர்ஸ் ரிவார்ட்ஸ் என்று பெயர் மாறியது. எதிரில் உட்கார்ந்திருப்பது பேராசிரியர் போட்ட கணக்கு, நாம் வாய்ப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் போகிறோம்.

பாக்கி 50 பாயிண்ட் என்றால் ஆடுங்கள், 250 டாலர் பந்தயத்தில் கணக்குப்படி ஒரு 25 டாலர் போகும். அதற்கு மேல் என்றால் கார்டைப் பிடுங்கிப் பையில் வையுங்கள்.

6க்கு 5 மேஜை

10 டாலர் கட்டி பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 15 தராமல் 12 தரும் மேஜை. எந்த ஓசியும் இதை ஈடுகட்டாது. எழுந்துவிடுங்கள்.

கிளம்பும் நாளில் சும்மா இருபது டாலர்

பல கேசினோக்கள் அடுத்த தடவைக்கான ஆஃபரை உங்கள் ஒரு நாள் சராசரியை வைத்துத் தீர்மானிக்கின்றன. இரண்டு நாள் நன்றாக ஆடிவிட்டு மூன்றாம் நாள் செக்-அவுட்டுக்கு முன்னால் கார்டைச் சொருகி இருபது டாலருக்கு ஆடினால், அதுவும் ஒரு நாளாகச் சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும். கை அரித்தால் அன்று மட்டும் கார்டு இல்லாமல் ஆடுங்கள்.

ஃப்ரீ ரூம் என்றதும் கிளம்புவது

ரிசார்ட் ஃபீஸையும் சேர்த்துத்தான் ஃப்ரீயா என்று முதலில் பாருங்கள். இப்போது ஸ்ட்ரிப்பில் பல இடங்களில் அது ராத்திரிக்கு 50 டாலரைத் தாண்டிவிட்டது.

கேட்காமல் கிளம்புவது

நம் ஆட்களுக்கு ஓசி வேண்டும், ஆனால் வாய் திறந்து கேட்கக் கூச்சம். சாப்பாட்டையெல்லாம் ரூம் பில்லில் போடச் சொல்லுங்கள். கடைசி நாள், பில் கட்டுவதற்கு முன்னால், ஆடுபவர்களைக் கவனித்துக்கொள்ளும் கேசினோ ஊழியரான ஹோஸ்டைப் பார்த்து என் ஆட்டத்துக்கு இதில் எதையாவது கழிக்க முடியுமா என்று கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அந்த 600 டாலர் பையனை ஞாயிறு காலை நானே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். ஹோஸ்ட் அம்மா மூன்று நாள் கணக்கையும் திரையில் பார்த்துவிட்டு ஒரு பிரேக்ஃபாஸ்டைக் கழித்தார், 38 டாலர். திரும்பும் வழியில் பார்ஸ்டோ என்ற ஊரைத் தாண்டும் வரை அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தான்.