நான்கு பாட்டில், நான்கு பெண்கள்: வீட்டில் ஒரு ஒயின் மாலை நடத்துவது எப்படி?

ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஏழெட்டு நண்பர்களைக் கூப்பிட்டு, துணிச்சலான பெண்கள் செய்த ஒயின்களை மட்டும் சுவைத்துப் பார்க்கும் ஒரு மாலையை நீங்களே நடத்தலாம். முதல் முறை நான் அவர்களின் கதைகளையெல்லாம் தொடக்கத்திலேயே சொல்லி முடித்துவிட்டேன், ஒயின் வந்தபோது யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை. அந்தப் பெண்கள் செய்த காரியம் அந்தச் சுவைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கதையை ஒயின் நாக்கில் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

பாட்டில்கள்

நான்கு போதும். ஒரு பாட்டில் 750 மில்லி, ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் எட்டுப் பேருக்கு 400 மில்லிதான் ஆகும். நான் வைப்பது: வெவ் கிளிக்கோ ஷாம்பெய்ன், அர்ஜென்டினாவின் சுசானா பால்போ டொரான்டெஸ் என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின், தென்னாப்பிரிக்காவின் அஸ்லினா சிவப்பு ஒயின், போர்ச்சுகலின் ஃபெரைரா போர்ட் என்ற இனிப்பு ஒயின். ஷாம்பெய்ன் விலை கையைக் கடித்தால் ஸ்பெயினின் காவா வாங்குங்கள், அதுவும் பாட்டிலுக்குள்ளேயே நுரைக்க வைப்பதுதான். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். சிவப்பை முதலில் குடித்துவிட்டால் அப்புறம் வெள்ளை வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும்.

அன்றைக்குக் காலையில்

ஷாம்பெய்னும் வெள்ளையும் காலையிலேயே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். சிவப்பை அறை வெப்பத்தில் வைக்கச் சொல்வார்கள், ஆனால் அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறை, 16 முதல் 18 டிகிரி. வெயில் ஊரில் இருந்தால் ஊற்றுவதற்கு முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், போர்ட்டையும் அப்படியே.

வாசனைதான் முக்கியம். ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், தலையில் மல்லிகைப்பூ எதுவும் அன்று வேண்டாம் என்று வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தாளிப்பையும் மதியத்தோடு முடித்துவிடுங்கள். தின்ன வெறும் ரொட்டி, உப்பில்லாத பாதாம், காரமில்லாத சீஸ், நிறையத் தண்ணீர். ஆளுக்கொரு டம்ளர் துப்புவதற்கு. இதில் அவமரியாதை ஒன்றுமில்லை, தொழிலாகச் சுவைப்பவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். வண்டி ஓட்டுபவர்கள் குடிக்கவே வேண்டாம், அவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் திராட்சைச் சாறு.

சுவைப்பது

பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். கிளாஸின் காம்பைப் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும், மெதுவாகச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும், பிறகு ஒரு மிடறை வாய் முழுக்க ஐந்து விநாடி உருட்ட வேண்டும். தெரியாத பழங்களின் பெயரைத் தேடாதீர்கள். சிவப்பு ஒயின் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அது திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின். வாழைப்பூவும் கடுக்காயும் தெரிந்தவர்களுக்கு அதற்குத் துவர்ப்பு என்று ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் மிடறு பேச்சில்லாமல். உடனே ஆளுக்கொரு அட்டையும் கிரேயானும் கொடுத்து, இந்த ஒயினுக்கு ஒரு லேபிள் வரையச் சொல்லுங்கள். பிரான்ஸில் போர்தோவின் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற ஒயின் பண்ணையில் 1945 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரு கலைஞரின் ஓவியம்தான் லேபிள்: 1948இல் மரீ லோரான்சான், 1997இல் நிக்கி த செயின் ஃபால். 1988இல் அந்தப் பண்ணையின் பொறுப்பை ஏற்ற ஃபிலிப்பீன் த ரோத்ஷீல்ட், அதுவரை மேடை நடிகையாக இருந்தவர். வரைந்து முடிந்ததும் தாளைப் பிரியுங்கள். இரண்டாம் மிடறு கதையோடு.

கதைகள்

ஷாம்பெய்னைத் திறக்கும்போது கார்க்கைத் துணியோடு இறுக்கிப் பிடித்து, பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும், யார் முகத்தையும் பார்க்காமல். உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஊற்றியதும் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுங்கள், கலங்கலே இருக்காது. காரணம் பார்ப்-நிக்கோல் கிளிக்கோ. 1805இல் 27 வயதில் கணவரை இழந்தவர், பிரெஞ்சில் 'வெவ்' என்றாலே விதவை. அன்றைய சட்டத்தில் மனைவி தன் விருப்பப்படி வியாபாரம் செய்ய முடியாது, விதவை செய்யலாம். பாட்டிலுக்குள் ஈஸ்ட் மண்டி தங்குவது அப்போது பெரிய தலைவலி. பலகையில் துளை போட்டு, பாட்டில்களைக் கழுத்து கீழாகச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் மண்டி முழுக்கக் கழுத்துக்கு வந்து சேரும், அதை மட்டும் வெளியேற்றிவிடலாம். 1816 வாக்கில் அவருடைய நிலவறையில் உருவான அந்த முறையால்தான் உங்கள் கிளாஸ் தெளிந்து இருக்கிறது.

டொரான்டெஸை முகர்ந்தால் தலையில் வைக்காத மல்லிகை கிளாஸில் இருக்கும். சுசானா பால்போ 1981இல் ஒயின் தயாரிப்பில் பட்டம் பெற்றார், அர்ஜென்டினாவில் முதல் பெண். இந்தத் திராட்சை நன்றாக விளையும் வடக்கு மலைப்பகுதியில் வேலையைத் தொடங்கி, 1999இல் மென்டோசாவில் சொந்த ஒயினகம் கட்டினார்.

அஸ்லினாவைக் கொஞ்சம் நிதானமாகக் குடியுங்கள். இதைச் செய்யும் நிட்சிகி பியேலா குவாசூலு-நட்டாலின் ஒரு கிராமத்தில் வளர்ந்தவர். உதவித்தொகை கிடைத்து ஸ்டெல்லன்போஷுக்கு ஒயின் படிக்கப் போகும்வரை ஒயினை ருசித்ததே கிடையாது. 2004இல் தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளராக வேலையில் சேர்ந்தார். அஸ்லினா அவருடைய பாட்டியின் பெயர். ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறோமே என்று கூச்சப்படும் நண்பர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும், எங்கள் வீட்டில் இதற்குத்தான் அதிகம் கேள்வி வந்தது.

கடைசியில் போர்ட், ஒரு துண்டு டார்க் சாக்லேட்டோடு. நொதிக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நொதித்தலை நிறுத்துவதால் இனிப்பு தங்கிவிடுகிறது, ஆல்கஹாலும் 20 சதவீதம் வரை இருக்கும், அதனால் அளவைப் பாதியாக்குங்கள். அன்டோனியா ஃபெரைரா 33 வயதில் விதவையாகி, டோரு பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக விரித்தவர், ஃபைலோக்ஸெரா பூச்சி கொடிகளை அழித்த காலத்தையும் தாண்டியவர். 1861இல் டோரு ஆற்றில் அவர் போன படகு கவிழ்ந்தது, உடன் வந்த போர்ட் வியாபாரி ஃபாரஸ்டர் மூழ்கிப்போனார். அன்டோனியாவை அவருடைய அகன்ற பாவாடைதான் மிதக்க வைத்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மிச்சம் இருந்தால் ஷாம்பெய்னை அன்றே முடித்துவிடுங்கள். வெள்ளையும் சிவப்பும் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். போர்ட் சில வாரம் இருக்கும். வரைந்த லேபிள்களை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை காலி பாட்டில்களில் ஒட்டி மேசையில் வைக்கலாம்.