அடாப்டிவ் ஈக்வலைசர்: அதிவேக ரிசீவர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிவேக சீரியல் இணைப்புகளில் புதிதாக வேலை தொடங்குபவர்கள் பலர், தடத்தில் சிதைந்த சிக்னலைத் தானாகச் சீர்செய்யும் அடாப்டிவ் ஈக்வலைசரை இயக்கிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுகிறார்கள். 1960-இல் விட்ரோவும் ஹாஃபும் தந்த எல்எம்எஸ் விதி அவ்வளவு எளிமையானது: பிழையையும் (வந்த மதிப்புக்கும் வரவேண்டிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு) தரவையும் பெருக்கி, விடை காட்டும் திசையில் டேப்பை, அதாவது ஈக்வலைசரின் பெருக்கெண்ணை, சிறிது நகர்த்தினால் போதும். ஆனால் அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது, அதே பிழையை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்காதவர்கள் தொடர்ந்து ஒரே குழியில் விழுகிறார்கள். கேபிளை மாற்றிச் செருகுவது போன்ற, அன்றே பிடிபடும் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

டிஎஃப்இ-க்கும் சிடிஆருக்கும் ஒரே பிழையைக் கொடுப்பது

விநாடிக்கு 28 கிகாபிட் செல்லும் ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 35.7 பிக்கோவிநாடி. நீளமான போர்டைக் கடந்து வரும்போது ஒரு பிட்டின் துடிப்பு அகன்று, முந்தைய பிட்டின் நேரத்தில் சிறிதும் (முன்கசிவு) அடுத்த பிட்டின் நேரத்தில் பெரிதுமாகக் (பின்கசிவு) கசிகிறது. பின்கசிவின் முதல் பகுதியை, ஏற்கெனவே முடிவான பிட்களைக் கொண்டு கசிவைக் கழிக்கும் ஈக்வலைசரான டிஎஃப்இ-யின் முதல் டேப் கழிக்கிறது. எந்தக் கணத்தில் சாம்பிள் எடுப்பது என்பதை, சிக்னலிலிருந்தே கிளாக்கை மீட்கும் சுற்றான சிடிஆர் முடிவு செய்கிறது.

பிட்டுக்கு ஒரே சாம்பிள் எடுக்கும் ரிசீவர்களில் பெரும்பாலும் இருப்பது, 1976-இல் முல்லர் என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவர் வெளியிட்ட முறை. இப்போதைய பிழையை முந்தைய பிட்டாலும், முந்தைய பிழையை இப்போதைய பிட்டாலும் பெருக்கி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பின்கசிவுக்கும் முன்கசிவுக்கும் உள்ள வேறுபாடு கிடைக்கும். அது சுழியாகும் கட்டத்தில் (சாம்பிள் கணத்தில்) சிடிஆர் பூட்டிக்கொள்கிறது.

இதில் முதல் பெருக்கல்தான் டிஎஃப்இ-யின் முதல் டேப்பைப் பழக்கும் பெருக்கலும். டிஎஃப்இ-யின் கழித்தலுக்குப் பிந்தைய பிழையையே சிடிஆருக்கும் கொடுத்தால், பின்கசிவை டேப் எப்போதும் சுழியாக்கிவிடுவதால் சிடிஆரின் பார்வையில் முன்கசிவு மட்டுமே மிஞ்சுகிறது. அதைக் குறைப்பதற்காக சிடிஆர் சாம்பிள் கணத்தை முன்னே, அதாவது இன்னும் சீக்கிரமான நேரத்துக்கு, தள்ளுகிறது. முன்னே தள்ளத் தள்ள முதன்மை உயரம் (பிட்டின் சொந்த நேரத்தில் துடிப்பின் உயரம்) குறைந்து, உண்மையான பின்கசிவு பெருகுகிறது; அதை ஈடுகட்ட டேப் மேலும் ஏறுகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டு வளையங்களும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன. பிட்டை முடிவு செய்யும் முன்பே சிக்னலைச் சீர்செய்யும் ஈக்வலைசரான எஃப்எஃப்இ-யில், முன்கசிவை நீக்கும் டேப்பையும் தானாகப் பழக விட்டால் நிலைமை இன்னும் மோசம்: எந்தக் கட்டத்திலும் இரண்டு பெருக்கல்களும் சுழியாகிவிட, கட்டத்தைப் பற்றிய தகவலே மிஞ்சாமல் சிடிஆர் இரைச்சலோடு அலையத் தொடங்கும்.

ஒரு சோதனைக்கூடத்தில் இதை நேரில் கண்டேன். மாலை முழுவதும் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடிய இணைப்பு, காலையில் பிழைகளைக் கொட்டிக்கொண்டிருந்தது. குழுவினர் வெப்பநிலையைச் சந்தேகித்தார்கள், பிறகு மின்வழங்கியை, அதன்பின் கனெக்டரை. போர்டுகளைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் முதல் டேப்பின் ரெஜிஸ்டரையும் சாம்பிள் கணத்தை நகர்த்தும் ஃபேஸ் இன்டர்போலேட்டரின் ரெஜிஸ்டரையும் சீரான இடைவெளியில் படித்து ஒரே வரைபடத்தில் போட்டபோது, இரண்டும் கைகோத்தாற்போல ஊர்வது தெரிந்தது. டேப் தன் உச்ச மதிப்பில் முட்டி நின்ற இடத்தில்தான் பிழைகள் தொடங்கியிருந்தன. அந்த சிப்பில் டேப்களைத் தனித்தனியே மதிப்பு மாறாமல் உறைய வைக்கும் வசதி இல்லை. அதனால் சிப்பை மீண்டும் அச்சிடப் புதிய மாஸ்க் செய்ய வேண்டியதாயிற்று. பணமும் மாதங்களும் போயின.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது, சிமுலேஷனிலேயே இதைப் பிடித்திருக்கலாம் என்பதுதான். ஈக்வலைசரைப் பழுதற்ற கிளாக்கோடும், சிடிஆரைப் பழுதற்ற ஈக்வலைசரோடும் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டும் சரி என்று கையெழுத்திடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இரண்டையும் சேர்த்து, ஊர்வு தெரியும் அளவுக்கு நீண்ட நேரம் ஓட்டுங்கள். முன்கசிவு டேப்பை இணைப்புப் பயிற்சியின்போது நிர்ணயித்து அதன்பின் உறைய வையுங்கள். சிடிஆருக்கு டிஎஃப்இ-யின் கழித்தலுக்கு முந்தைய சிக்னலைக் கொடுக்கலாம். ஆனால் நீண்ட தடத்தில் அங்கே பின்கசிவு மிகப் பெரிது என்பதால் பூட்டும் கணம் தாமதமாகும், அதைத் திருத்த ஓர் ஆஃப்செட் வேண்டும். டேப்களின் வேகத்தை மட்டும் குறைப்பது தீர்வாகாது. ஊர்வு தாமதமாகுமே தவிர நிற்காது.

1010 தரவில் பழக்குவது

இத்தகைய தரவில் ஒவ்வொரு பிட்டும் முந்தையதற்கு நேரெதிர். அதற்கும் முந்தையதற்குச் சமம். ஆகவே எந்தக் கசிவு எந்த டேப்புக்கு உரியது என்று எல்எம்எஸ்ஸால் பிரித்தறிய இயலாது. மொத்தப் பிழை சுழியாகவே இருக்கும். டேப்கள் மட்டும் தம்போக்கில் நகர்ந்துகொண்டிருக்கும். உண்மையான தரவு வரும்போது ஐ (0-ஐயும் 1-ஐயும் பிரித்தறிய உதவும் இடைவெளி) மூடிக்கிடக்கும். ஸ்கிராம்பிள் செய்த (தற்செயல்போலக் கலைத்த) தரவிலோ, பிஆர்பிஎஸ் எனும் போலித் தற்செயல் தரவிலோ மட்டும் பழக்கி, மற்ற நேரங்களில் உறைய வைக்க வேண்டும்.

சிடிஎல்இ-யை உச்சத்தில் வைப்பது

உயர் அதிர்வெண்களை உயர்த்தும் அனலாக் ஈக்வலைசரான சிடிஎல்இ, 28 கிகாபிட் இணைப்பில் 14 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சிக்னலோடு இரைச்சலையும் பக்கத்துத் தடத்தின் குறுக்கீட்டையும் சேர்த்தே உயர்த்துகிறது. முடிவான பிட்களைக் கொண்டு கழிக்கும் டிஎஃப்இ அப்படிச் செய்வதில்லை. முதல் டேப் எதிர்மதிப்புக்குப் போனால் சிடிஎல்இ-யைக் குறையுங்கள்.

டிஎஃப்இ முன்கசிவைத் தீர்க்கும் என்று நம்புவது

தீர்க்காது. இன்னும் முடிவாகாத பிட்டை அதனால் கழிக்க இயலாது.

ஸ்லைசர் ஆஃப்செட்டைப் பிறகு பார்த்துக்கொள்வது

ஸ்லைசர்தான் வந்த பிட் 0-வா 1-ஆ என்று முடிவு செய்யும் சுற்று; அதன் ஒப்பீட்டு மட்டத்தில் உள்ள விலகலே ஆஃப்செட். முதலில் அதை முடியுங்கள்.

பாம்4-இல் சராசரிப் பிழை விகிதத்தை மட்டும் பார்ப்பது

பாம்4 என்பது ஒரு குறியீட்டுக்கு நான்கு மட்டங்களைப் பயன்படுத்தும் முறை. அதில் முதல் டேப் முதன்மை உயரத்தை நெருங்கினால், ஒரு தவறான முடிவு அடுத்த முடிவையும் கெடுத்துப் பிழைகள் தொடராக வரும். இத்தகைய இணைப்புகளில் பயன்படும் கேபி4 எனும் பிழைதிருத்தக் குறிமுறை 544 குறியீடுகள் கொண்ட ஒரு தொகுதியில் 15 வரை திருத்தும். பிழைகள் சிதறி வரும் என்று கொண்டு போட்ட கணக்கு தொடர்பிழைகளுக்குப் பொருந்தாது. அனுப்பும் முன் தரவை மாற்றியமைக்கும் ப்ரீகோடிங் ஒரு நீண்ட தொடரை அதன் இரு முனைப் பிழைகளாகச் சுருக்கிவிடும், ஆனால் அது அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் இயங்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை குறியீடுகள் பிழையாகின்றன என்ற பரவலைப் பதிவுசெய்யுங்கள். அதன் வால் 15-ஐ நோக்கி நீண்டால், சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இணைப்பைச் சோதனைக்கூடத்தை விட்டு அனுப்பக் கூடாது.